ஆதகூர்க் கல்லும் ஒரு வேட்டை நாயும்

சோழர் வரலாற்றில் ஓரளவேனும் ஈடுபாடுடைய எவருக்கும் தக்கோலம் என்ற பெயர் ஒரு சிறு வலியைத் தராமல் போகாது. கி.பி. 949ஆம் ஆண்டு, இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்தை அடுத்துள்ள அவ்வூரில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் சோழர் படையும் மோதின. முதலாம் பராந்தகனின் மகனான இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்தான். ஆனைமேற்றுஞ்சினவன் என்று பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் அவனைக் குறிப்பிடும். தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போயிற்று. வடக்கிருந்து வந்தவன் தன்னைக் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று தமிழ்க் கல்வெட்டுகளிலேயே எழுதிக்கொண்டான். அந்தச் சரிவிலிருந்து சோழ அரசு நிமிர்ந்து நிற்க அரை நூற்றாண்டுக்காலம் பிடித்தது.

இப்போருக்கு மிக நெருங்கிய காலத்துச் சான்றாக ஆய்வாளர்கள் காட்டுவது ஆதகூர்க் கல்வெட்டு. கருநாடக மாநிலம் மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டத்தில் உள்ள ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு அது. சக ஆண்டு 872, சௌமிய ஆண்டு என்று காலம் குறித்திருக்கிறது, அதாவது கி.பி. 949-950. போர் நடந்த சூடு ஆறுவதற்கு முன்பே வெட்டப்பட்ட எழுத்து. ஜே.எஃப். ஃப்ளீட் அதனை எபிகிராபியா இண்டிகாவின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்த நாள் முதலாகச் சோழர் வரலாறு எழுதிய யாரும் அதைத் தொடாமல் எழுதியதில்லை.

ஆயினும் அந்தக் கல் இராசாதித்தனின் மரணத்தைப் பதிவதற்காக நடப்பட்டதன்று; இராட்டிரகூடர் வெற்றியைக் கொண்டாடுவதற்காகவும் நடப்பட்டதன்று. ஒரு நாய் இறந்துபோயிற்று, அதற்காக நடப்பட்டது.

இச்செய்தி வரலாற்று நூல்களில் மறைக்கப்பட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பில், சற்றே புன்னகையோடு. அறிஞர்களின் கவனம் வேறிடத்தில் இருந்தது. இராசாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று இக்கல்வெட்டு கூறுகிறது. அவன் கொன்ற முறையைச் சொல்லும் இடத்தில் வரும் ஒரு கன்னடச் சொல்லுக்குத் தொடக்கத்தில் தழுவல் என்று பொருள் கொண்டனர். நட்பாகத் தழுவுவதுபோல் வந்து வஞ்சகமாகக் கொன்றான் என்ற கதை அதிலிருந்து பிறந்தது. பின்னர் அச்சொல் யானையின் அம்பாரியைக் குறிப்பது என்றும், அம்பாரியையே போர்க்களமாக்கிக்கொண்டு கொன்றான் என்பதே கருத்து என்றும் திருத்தினர். ஒரு சொல்லின் பொருளில் ஒரு மன்னனின் மானமே தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அறிஞர்கள் அதில் தலையைக் கொடுத்ததில் வியப்பில்லை. அந்த வாதங்களுக்கிடையே நாய் ஒதுங்கி நின்றுகொண்டது.

நாம் இப்போது அந்த நாயின் பக்கம் திரும்புவோம்.

கல்வெட்டு சொல்லும் கதை இது. தக்கோலப் போரில் பூதுகனின் முன்னணியில் நின்று போரிட்டவன் மணலேரன் என்னும் வீரன். சகர குலத்தவன் என்று கல்வெட்டு அவனைச் சொல்கிறது. வெற்றிக்குப் பின் கொடைகள் வரிசையாக இறங்குகின்றன. கிருஷ்ணன் தன் தமக்கை கணவனான பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம், பெள்வொலம் முந்நூறு, புரிகெரெ முந்நூறு, கிசுகாடு எழுபது, பாகெநாடு எழுபது என நாடு நாடாகக் கொடுக்கிறான். பூதுகன் மணலேரனின் வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்கிறான். மணலேரன் கேட்டது காளி என்னும் ஒரு வேட்டை நாயை. கொடுத்தான், பெற்றுக்கொண்டான்.

நாடுகள் கைமாறிக்கொண்டிருந்த ஓர் அவையில் ஒருவன் நாயைக் கேட்டான் என்பதைப் படிக்கும்போது முதலில் சற்றுத் திகைப்பாகவே இருக்கிறது. அரசனின் நாயைப் பெறுவதும் ஒரு பெருமைதானே, பட்டத்து யானையைப் பெறுவதுபோல, என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மணலேரனுக்குப் பெருமைக்குக் குறைவில்லை. ஆதகூர்ப் பன்னிரண்டு என்னும் ஊர்த்தொகுதியைப் பூதுகன் அவனுக்கு வாள் கழுவும் கொடையாகவே வழங்கியிருந்தான். குருதி படிந்த வாளைக் கழுவிக் கொடுக்கும் அந்தக் கொடையைவிட உயர்ந்த மதிப்பு அக்காலத்து வீரனுக்கு வேறில்லை. இத்தனையும் இருக்க, காளியையும் கேட்டான். அந்த நாயின் ஓட்டத்தையோ குரலையோ முன்பே எங்கோ கண்டு கேட்டு மனம் பறிகொடுத்தவன் கேட்ட கேள்வியாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

பிறகு ஒரு நாள் கெலலெ நாட்டுப் பெளதூருக்கு மேற்கே உள்ள குன்றில் வேட்டை. ஒரு பெரிய பன்றியின்மேல் காளி ஏவப்படுகிறது. பன்றியும் நாயும் சேர்ந்தே இறக்கின்றன. இவ்விடத்தில் கல்வெட்டு பயன்படுத்தும் சொல் 'ஒடசத்துவு'. உடன் செத்தன என்று தமிழன் எவனும் அகராதியின்றியே உணர்ந்துகொள்வான். பன்றி அங்கே 'பந்தி', நாய் நாய்தான், கல் கல்தான், நடுவித்தல் அவர்களுக்கும் நடுவித்தலே. சாளுக்கியரும் இராட்டிரகூடரும் நமக்கு எத்தனை அயலாராக இருந்தாலும், ஒரு நாய் செத்தது என்று சொல்லும்போது இரண்டு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது தெரிந்துவிடுகிறது.

அந்தச் சாவிற்காக, ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலின் முன்பு ஒரு கல் நடப்பட்டது. ஒரு பெரும்பன்றியோடு நாய் மோதும் சிற்பம் அதில் செதுக்கப்பட்டது. ஊரின் பெரிய ஏரிக்குக் கீழே இரண்டு கண்டுகம் விதைப்பாடுள்ள நிலம் அக்கல்லுக்காக விடப்பட்டது. ஏரிக்குக் கீழுள்ள நிலம் என்பதைக் கவனிக்க வேண்டும். வானம் பார்த்த மேட்டு நிலமன்று. ஆண்டு தவறாமல் விளையக்கூடிய நன்செய். அந்த நிலத்தின் பயனை அனுபவிக்கும் கோயில் கொரவன் (சிவத்தொண்டு செய்யும் துறவிப் பூசகரைக் கன்னட நாட்டில் அவ்வாறு அழைத்தனர்) அக்கல்லைப் பூசித்த பிறகே உண்ண வேண்டும் என்பது விதி.

கல்வெட்டு முழுவதிலும் துக்கம் என்ற சொல் இல்லை. கண்ணீர் இல்லை. காளி எப்படிப்பட்ட நாய், எத்தகைய அன்பு கொண்டது என்ற வருணனை ஒன்றும் இல்லை. பத்தாம் நூற்றாண்டு வீரனிடம் நாம் அவற்றை எதிர்பார்க்கவும் கூடாது. அவனது துயரம் ஏற்பாடாக வெளிப்படுகிறது. இன்ன இடத்தில் கல், இன்ன ஏரியின் கீழ் நிலம், இன்னார் பூசை, இன்ன தண்டனை. பத்திரம் எழுதுவதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரத்தின் உள்ளே, ஒரு மனிதன் நாள்தோறும் சோற்றில் கை வைப்பதற்கு முன் ஒரு நாயை நினைத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. தான் இறந்த பின்னும் அந்த நினைவு அறுபடக்கூடாது என்று எண்ணியவன்தான் நிலத்தை எழுதி வைப்பான். நம் வீடுகளில் காக்கைக்குச் சோறிட்ட பிறகு உண்ணும் வழக்கம் எதன் பொருட்டோ, அதன் பொருட்டே இதுவும் என்று கொள்வதில் பிழையிருக்காது.

தமிழர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல்லுக்கு ஆறு துறைகளை வகுத்தார். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி அதற்குப் படையலிட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் ஒரு நாளைய வேலை. ஒவ்வொன்றிலும் ஊரார் கூடி நிற்க வேண்டும். இறந்தவன்மேல் கொண்ட அன்பினால் கையும் காலும் ஓய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றைத் தருவது அது. மணலேரன் ஆதகூரில் செய்ததும் இந்த வரிசையில் வருவதே. ஒரே வேறுபாடு, கல்லில் நின்றது மனிதன் அன்று.

தமிழ்நாட்டிலேயே இதற்கும் முந்நூறு ஆண்டு மூத்த நாய் ஒன்று கல்லில் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி இலக்கிய அன்பர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பர். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தேடித் தொகுத்து, இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972இல் வெளிவந்தபோது, வட ஆர்க்காட்டின் காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் எத்தனை எழுத்துகளைச் சுமந்து நின்றன என்பது தமிழுலகுக்குத் தெரிந்தது. அந்நிலப்பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வட்டெழுத்தில் எழுதப்பட்டது. வாணகோ அரசரைச் சார்ந்த பொற்றொக்கையாரின் இளமகனான கருந்தேவக்கத்தி என்பவன், எருமைகளின் பொருட்டு நடந்த பூசலில் பட்டான் என்பது செய்தி. வில்லேந்திய பேரரசனோ படைத்தலைவனோ அல்லன். எருமை மந்தை ஒன்றைக் காக்கப் போய் மாண்டவன். அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் ஒரு வாசகம் உண்டு. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்திருந்தவாறு என்றும் சொல்கிறது.

'காத்திருந்தவாறு' என்ற அந்தச் சொல்லின் முன் நாம் பலமுறை நின்றிருக்கிறோம். காவல் காத்தது என்பதே அக்காலத்துப் பொருள் என்பதில் ஐயமில்லை. வகுப்பில் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் ஆயிரத்து நானூறு ஆண்டுகளில் அச்சொல் நம் காதுக்கு வேறு ஒலியைப் பெற்றுவிட்டது. மாண்டு கிடப்பவனின் அருகில், அவன் எழுந்து வருவான் என்று காத்திருக்கும் நாயையும் இன்றைய தமிழ் அந்தச் சொல்லுக்குள் கேட்கிறது. கல்வெட்டியல் அறிஞர் இதைக் கேட்டால் தலையை ஆட்டுவார், ஆட்டட்டும். சொல் பொருள் மாறி வளர்வது கல்லுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

கோவிவன் அந்தப் பூசலில் இறந்ததா இல்லையா என்று கல் கூறவில்லை. கூறுவதெல்லாம் அதன் பெயரும் செயலும். ஒருவகையில் அதுவே பெரிது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த எத்தனையோ ஆயிரம் மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும். கருந்தேவக்கத்தியின் வீட்டாரில் யாரோ ஒருவர் கல்தச்சனிடம் நாயின் பெயரையும் போடச் சொல்லியிருக்க வேண்டும். தச்சன் அதற்கு இன்னும் ஓர் அரை நாள் உளி பிடித்திருக்க வேண்டும்.

(விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் சண்டையிட்டு மாண்ட சேவல்களுக்கு நடுகற்கள் உண்டு, இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்ற பெயரும் உண்டு. அவை ஊரின் மானத்தைச் சுமந்த பந்தயச் சேவல்கள். அங்கே துக்கத்தைவிடச் சேரிக்குச் சேரி போட்டியே மிகுதி என்பது நம் எண்ணம்.)

கல்லில் இத்தனை மதிப்புப் பெற்ற நாய், ஏட்டில் எப்படி இருந்தது? தமிழ்ச் செய்யுள் நாய்க்குச் செய்த நீதி ஒரே சீரானதன்று. சங்கப் பாடல்களில் குறவரோடும் வேட்டுவரோடும் மலையேறும் நாய்கள் உண்டு. ஞமலி, ஞாளி என்று அழகழகான பெயர்களும் உண்டு. ஞமலி என்பது பூழிநாட்டு வழக்கு என்று உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தருவர். ஒரு நாட்டு மக்கள் தம் நாயை அழைத்த சொல்லைப் பாடுபட்டுக் காப்பாற்றிக் கொடுத்த அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாலடியாரின் நட்பாராய்தல் அதிகாரத்தில் யானையையும் நாயையும் ஒப்பிடும் வெண்பா ஒன்று உண்டு. பழகிய பாகனையே கொல்லும் யானையை ஒத்தவரின் நட்பை விடுத்து, எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயை ஒத்தவரின் நட்பைக் கொள்க என்பது கருத்து. சமண முனிவர் சொன்ன அறம். ஆனால் பக்தி இலக்கியம் பெருகியபோது நாய் கீழிறங்கியது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திச் சொல்ல எடுத்த சொல் நாயேன் என்பது. இறைவன்முன் தன்னைத் தாழ்த்துபவர் தனக்குத் தெரிந்தவற்றுள் கடைசியானதைத்தானே எடுப்பார். பைரவரின் ஊர்தியாக நின்ற நாயால்கூட அந்த இழிவை முழுதும் துடைக்க முடியவில்லை. இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான், ஒரு சிவாலயத்தின் வாயிலில் ஒரு சிவத்தொண்டர் நாயின் கல்லைப் பூசித்து உண்டார் என்பதன் கனம் தெரியவரும்.

பாரதத்தின் இறுதியில் தருமனைத் தொடர்ந்து செல்லும் நாயை அனைவரும் அறிவர். நாயை விட்டுவிட்டு வருவதானால் சுவர்க்கமே வேண்டாம் என்கிறான். வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டதால் அவர் நூலில் அந்த நாய் வந்துசேரவே இல்லை. பதினெட்டுப் பருவங்களையும் பாடி நிறைத்த நல்லாப்பிள்ளையிடம்தான் அதைத் தேட வேண்டும். ஆனால் அக்கதையில் நமக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. கடைசியில் அது நாய் இல்லை, தருமதேவதை என்று தெரியவருகிறது. நாய் நாயாகவே இருந்து சுவர்க்கம் புகுவதைக் காப்பியத்தால் தாங்கிக்கொள்ள முடியவில்லை போலும். ஆதகூரின் காளி கடைசிவரை நாய். பன்றியோடு மோதிச் செத்த நாய். தேவதையாகாமலேயே அதற்குக் கல்லும் நிலமும் பூசையும் கிடைத்தன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வளர்த்த நாய் இறந்தால் அழுவதும், அதைப் புதைத்த இடத்தில் பூ வைப்பதும் நகரத்தார் மேல்நாட்டாரிடம் கற்றுக்கொண்ட புதுப்பழக்கம் என்ற கருத்து நம்மிடையே பலமாக உள்ளது. மேல்நாட்டில் நாய்களுக்கெனக் கல்லறைத் தோட்டங்கள் ஏற்பட்டதே அண்மையில்தான். இலண்டன் ஹைட் பார்க்கில் 1881இல் ஒன்று தொடங்கிற்று, பாரிசு அருகே ஆனியேரில் 1899இல் மற்றொன்று. பழமையை விரும்புவோர் எகிப்துக்குப் போகலாம். வீட்டில் பூனை இறந்தால் புருவத்தை மட்டும் மழித்துக்கொள்ளும் எகிப்தியர், நாய் இறந்தால் தலையையும் உடல் முழுவதையும் மழித்துக்கொள்வர் என்று எரோடோட்டசு எழுதியிருக்கிறார். 1935இல் கீசாவில் ரைசுனர் கண்டெடுத்த கல்லில், அரசனைக் காத்த நாய் ஒன்றுக்குச் சவப்பெட்டியும் மெல்லிய துணியும் நறும்புகையும் தந்து அடக்கம் செய்யுமாறு அரசனே ஆணையிட்ட செய்தி இருக்கிறது. ஆனால் அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவை நமக்கில்லை. எடுத்தனூர் இருக்கிறது.

புதுப்பழக்கம் என்ற பேச்சை நாமே கேட்க நேர்ந்தது சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் வீட்டில் பதினொரு ஆண்டுகள் இருந்த நாய் இறந்தபோது. நாட்டு நாய்தான், தெருவிலிருந்து பிள்ளைகள் தூக்கிவந்தது. மறுநாள் கல்லூரிக்குப் போக மனமில்லை. தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் எழுதுவதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. சொந்த வேலை என்று எழுதினோம். துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, 'ஒரு நாய்க்கா இப்படி?' என்றார். அவர் கடுமையானவர் அல்லர். நம் தந்தையார் காலமானபோது பதினாறு நாளும் உடனிருந்து எல்லாவற்றையும் எடுத்துச் செய்தவர். அன்று அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. இன்று தெரியவில்லை, நமக்கும்தான். எட்டுக்குத் துக்கமா, பதினாறுக்குக் கருமாதியா, ஒன்றும் இல்லை. கொல்லையில் குழி தோண்டி மூடியதோடு செய்ய வேண்டிய வேலை முடிந்துபோய்விட்டது. எழுபத்தைந்து வயதான நம் அன்னையார் மட்டும் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார்கள். சோறு வடித்ததும் அந்தப் பழைய தட்டில் ஒரு கைப்பிடி வைத்துக் கொல்லைப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துதான் பரிமாறினார்கள். பத்துப் பதினைந்து நாள் இது நடந்தது. காக்கையும் அணிலும் தின்றன. கொரவன், கண்டுகம், கல்வெட்டு எதையும் அவர்கள் படித்தவர்கள் அல்லர்.

மனிதர் நாய்க்காகத் துயருறுவதை இவ்வளவு கூச்சத்தோடு பார்க்கும் நாம், நாய் மனிதருக்காகத் துயருறும் கதையை மட்டும் தயக்கமின்றிக் காவியமாக்குகிறோம் என்பது ஆராயத்தக்கது. தோக்கியோவின் சிபுயா நிலையத்தில், 1925இல் இறந்துபோன தன் எசமானனுக்காக 1935 வரை வந்து காத்திருந்த ஆச்சிகோவை உலகமே அறியும். அது உயிரோடிருக்கும்போதே, 1934இல், அதற்குச் சிலை வைத்துவிட்டார்கள். நம் நாட்டில் இராய்கட் கோட்டையில் சிவாசியின் சமாதிக்கு அருகே வாக்யா என்னும் நாயின் சிலை உள்ளது. சிவாசியின் சிதையில் பாய்ந்து அது உயிர்விட்டதாகச் சொல்வர். அச்செய்திக்குச் சமகாலச் சான்று எதுவுமில்லை. சிலை எழுந்ததே 1930களில். 2012இல் சிலர் அச்சிலையைப் பெயர்த்தெறிய, மீண்டும் அதை நிறுவினார்கள். 2025இல் அதை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை மறுபடியும் எழுந்தது. சான்று இல்லாத ஒரு நாய்க்காக இத்தனை பேர் இரு பக்கமும் நிற்கிறார்கள். சக ஆண்டும் ஊரும் ஏரியும் நிலத்தின் அளவும் சாட்சியாக நிற்கும் காளிக்காகக் குரல் கொடுப்பார் இல்லை. எசமானனுக்காக நாய் சாவது எசமானனுக்குப் பெருமை; நாய்க்காக எசமானன் கல் நடுவதில் யாருக்குப் பெருமை?

ஆதகூர்க் கல் பின்னாளில் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. கல் பிழைத்தது, ஏரிக்குக் கீழிருந்த நிலத்திலிருந்தும் கோயில் வாயிலிலிருந்தும் அது பிரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதைத் தேடிப் போகிறவர்கள் இராசாதித்தனுக்காகவே போகிறார்கள். நாமும் முதன்முறை அப்படித்தான் போனோம்.

அக்கல்வெட்டின் கடைசி வரிகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கலாம். கொடைக் கல்வெட்டுகள் எல்லாவற்றிலும் இறுதியில் ஒரு வசை இருக்கும். இந்த அறத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது நம் கோயில் சுவர்களில் ஆயிரம் முறை படித்துச் சலித்த வாசகம். ஆதகூரில் அது இல்லை. நாட்டை ஆள்பவனோ, ஊரை ஆள்பவனோ, உழுகுடியோ, இந்த நிலத்திற்குக் கேடு செய்தவன் அந்த நாய் செய்த பாவத்தைக் கொள்வான் என்று எழுதியிருக்கிறது. கல்லைப் பூசிக்காமல் உண்ட கொரவனுக்கும் அதே தண்டனை; நாய் செய்த பாவம்.

நாய் செய்த பாவம் எது? வேட்டை நாயாகப் பிறந்து வாழ்நாளெல்லாம் அது கொன்ற உயிர்களா, கடைசியாகக் கொன்ற அந்தப் பன்றியா, அல்லது நாயாகப் பிறக்க வைத்த முன்வினையா? நாயை இழிவாக எண்ணிய காலத்தில், அதன் பாவத்தைச் சுமப்பதைவிடக் கொடிய தண்டனை இல்லை என்பதால் எழுதினார்கள் என்று எளிதாக விளக்கிவிடலாம். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. பிறர் கொள்ளும் பாவம் காளியிடம் தங்காது. தன் நாய்க்கும் ஒரு பாவக் கணக்கு உண்டு, அது இறந்த பின்னும் தொடரும் என்று மணலேரன் அஞ்சியிருக்கிறான். அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ள, வருங்காலத்தில் எங்கோ பிறக்கப்போகும் நிலத்திருடன் ஒருவனை, பசியில் பூசையை மறந்த கொரவன் ஒருவனை, அவன் கல்லில் எழுதி ஏற்பாடு செய்து வைத்தான்.